கையில் ஒரு சிரிப்பு

காலை எட்டே முக்கால் மணி. சாட்சிகள் காத்திருக்கும் அறையின் கதவைத் தள்ளித் திறந்த அக்காவின் கண்ணில் முதலில் பட்டது தங்கையின் ஒற்றைச் செருப்பு. அதைத் தாண்டி நாற்காலி கவிழ்ந்திருந்தது. தங்கை தரையில் சுருண்டு கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள்.

"டீ... கசந்துச்சுக்கா," என்றாள். "கான்டீன்லருந்துன்னு சொல்லி... ஒருத்தன்..." அதற்கு மேல் நாக்கு குழறியது. கண் மேலே செருகியது.

அக்கா போட்ட கூச்சலில் வராந்தாவே ஓடி வந்தது. அவள் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேஜையில் டீக் கோப்பை எதுவும் இல்லை. கான்டீன் அன்று திறக்கவே இல்லை என்றார் ஒரு காவலர்.

கான்டீன் திறக்காததற்குக் காரணம் கூட்டம். அன்று கூண்டில் ஏறவிருந்தவன் லேசுப்பட்ட ஆளில்லை. 'சிரிப்பு மாமா' என்றால் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்பாவி ஆட்களைப் பயமுறுத்தி, அவர்கள் அலறும்போது விழுந்து விழுந்து சிரித்து, அதை வீடியோவாகப் போட்டே பெரிய மனிதனானவன். அப்படி ஒரு வீடியோவுக்காகத் தன் கார் டிரைவரை இரும்புப் பெட்டிக்குள் படுக்க வைத்துப் பூட்டினான். பெட்டியைத் திறந்தபோது டிரைவரிடம் மூச்சில்லை. பெட்டி தானாகப் பூட்டிக்கொண்டது, அப்போது நான் அந்த இடத்திலேயே இல்லை என்றான் மாமா. கேமரா பிடித்தவள் தங்கை; பதிவை மாமா அன்றே அழித்துவிட்டான். உள்ளேயிருந்து தட்டிய சத்தத்தைக் கேட்டவளும், திறக்கப் போய், மாமா கையைத் தட்டிவிட்டதால் நின்றவளும் அவள் ஒருத்திதான். அவள் வாய் திறக்காவிட்டால் வழக்கு புஸ்வாணம்.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே வாசலில் வரிசை. நீதிமன்ற அறைக்குள் பொதுமக்கள் நாற்பது பேருக்குத்தான் இடம். வந்தவர்களில் பாதிப் பேர் மாமாவின் இளிப்பை அச்சடித்த மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். படம் போட்ட உடை உள்ளே கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டதால் பனியனை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மலிவான துணி. தையற்கடை வைத்திருக்கும் அக்காவின் கண்ணுக்கு அந்தப் பல்வரிசை மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அந்த மஞ்சள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்புலன்ஸ் வெளியே போவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கூடப் போக அவளை விடவில்லை.

"நீங்கதாம்மா கூட இருந்தவங்க. நீங்க போயிட்டா எனக்கு யார் சொல்லுவா?" என்றார் இன்ஸ்பெக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. வருஷம் பூராவும் ஜலதோஷம், கையில் எப்போதும் கைக்குட்டை. காவலர்கள் முதுகுக்குப் பின்னால் 'உறிஞ்சி' என்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். குரலில் அவசரம். "என்ன குடிச்சாங்கன்னு தெரிஞ்சா முறிக்கிற மருந்து கொடுத்துடலாம். குத்துமதிப்பா எதையாவது கொடுத்தா அதுவே ஆபத்து. நாடி இறங்கிட்டே போகுது மேடம். சீக்கிரம்."

கொடுத்தவன் சொன்னால்தான் தங்கை பிழைப்பாள். கொடுத்தவன் யார்?

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "கூட்டம் நெருக்குதுன்னு எட்டு மணிக்கே எல்லாக் கேட்டையும் பூட்டியாச்சு. ஆம்புலன்ஸைத் தவிர எதுவும் வெளிய போகல. அதையும் நானே கூட நின்னு அனுப்பினேன். உள்ள இருக்கிற வேலைக்காரங்க, வக்கீலுங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச முகம். கட்டடத்தை மூலை முடுக்கு விடாமத் தேடியாச்சு, வேத்தாள் இல்ல. கேட்டைத் திறந்து அந்த நாப்பது பேரை விட்டது ஒன்பது மணிக்கு. அதாவது, எல்லாம் நடந்த பிறகு."

"அப்ப யாருமே செய்யலையா?" அக்காவுக்கு அழுகை முட்டியது.

"அழாதீங்க. உங்க தங்கச்சி விழுந்ததுலருந்து இப்ப வரைக்கும் நீங்க பார்த்தது, கேட்டது, ஒண்ணு விடாமச் சொல்லுங்க. உப்புப் பெறாத விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

அக்கா சொன்னாள். அவளை உட்கார வைத்திருந்த பெஞ்சுக்கு எதிரேதான் நீதிமன்ற அறையின் வாசல். வரிசையில் நின்றவர்களுக்கு அவர்களே ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். குறுக்கே புகுந்து யாரும் ஏமாற்றாமலிருக்க, ஒவ்வொருவர் புறங்கையிலும் கறுப்பு மையால் ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு வளைவு: மாமாவின் சிரிப்பு. வாசல் காக்கும் டவாலி அந்தக் கைகளைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னென்னவோ கிண்டல் பண்ணிட்டிருந்தாரு மேடம். ஒருத்தர்கிட்ட, இந்தக் கையால இனிமே சாப்பிடுவியா மாட்டியான்னாரு. இன்னொருத்தர்கிட்ட, எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ ஏம்ப்பா அழுவுறன்னாரு. தொப்பை போட்ட ஒருத்தரை..."

மூக்குறிஞ்சும் சத்தம் நின்றது. "அழுவுறது யாரு? முகமா, கையா?"

"கையைப் பார்த்துத்தான் சொன்னாரு. ஆளை நான் சரியாப் பார்க்கல. என் நினைப்பெல்லாம் தங்கச்சி மேல..."

டவாலியைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தனை கையில் எது யாருடையது என்று அவருக்கும் நினைவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "வாங்கம்மா. பயப்படாம என் பக்கத்துலயே நில்லுங்க."

பயப்படாமல் நிற்பதாவது! உள்ளே நுழைந்ததும் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. தங்கையின் உயிரைக் கையில் வைத்திருப்பவன் இந்த முகங்களில் ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்க்கிறான். கூண்டில் நின்ற சிரிப்பு மாமா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுல போனைக் கொடுத்துட்டு டோக்கன் வாங்கியிருப்பீங்க. டோக்கன் இல்லாதவங்க மட்டும் எழுந்திரிங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

மூன்று பேர் எழுந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், போன் என்றாலே அலர்ஜி என்றார். கல்லூரி மாணவி ஒருத்தி, வரிசையில் நிற்கும்போது போனைத் திருடிவிட்டார்கள் என்று மூக்கைச் சிந்தினாள். மூன்றாமவன் ஒடிசலாக, படிய வாரிய தலையுடன் இருந்தான். "வீட்டுல மறந்துட்டேன் மேடம். நேத்து ராத்திரிலருந்து வரிசையிலதான் நின்னேன். கையைப் பாருங்க."

"பார்க்கலாம். அவசரப்படாதீங்க. இந்தப் படத்தை வரைஞ்சது யாரு?"

முன்வரிசையில் ஒரு பெண் விறைப்பாக எழுந்தாள். காலையில் தங்கையைப் பார்த்து, 'துரோகி, நல்லா இருப்பியா' என்று கத்தியவள். அக்கா அறியாமல் ஓரடி பின்வாங்கினாள்.

"நான்தான். எல்லார் கையிலயும் நானே போட்டேன், என் கைக்கு மட்டும் பக்கத்துல நின்னவ போட்டா. தப்பா?"

"சேச்சே. எனக்கும் ஒண்ணு போட்டு விடும்மா."

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் குழப்பத்தோடு எதிரே வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். டவாலி கொடுத்த பேனாவால் வட்டம் போட்டாள், புள்ளி வைத்தாள், வளைவு இழுத்தாள்.

"எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் சிரிக்குது," என்றாள்.

"உனக்குச் சிரிக்குது. நான் பார்த்தா அழுவுது." இன்ஸ்பெக்டர் தன் புறங்கையைத் தானே உற்றுப் பார்த்தார். "எதிர்ல நின்னு போடுறவங்களுக்கு நேரா இருந்தா, கைக்காரங்களுக்குத் தலைகீழாத்தான் தெரியும். டவாலி வாசல்ல எதிர்ல நின்னு பார்த்தாரு. அவருக்கு எல்லாக் கையும் சிரிச்சுது. ஒண்ணு மட்டும் அழுதுது. ஏன்? அந்தப் படத்தை எதிர்ல நின்னு யாரும் போடல. அந்தக் கைக்காரனே தனக்கு நேராப் போட்டுக்கிட்டான். நீங்க மூணு பேரும் கையை என் பக்கமா நீட்டுங்க."

பெரியவரின் கை சிரித்தது. மாணவியின் கை சிரித்தது. மூன்றாமவன் கையை நீட்டவில்லை. காவலர் பிடித்துத் திருப்பினார். வளைவு மேலே, புள்ளிகள் கீழே. உம்மென்று அழுமூஞ்சி.

"வேர்வையில அழிஞ்சுது, நானே திரும்பப் போட்டேன்," என்றான் அவன். குரல் நடுங்கவேயில்லை. அதுதான் அக்காவை இன்னும் பயமுறுத்தியது.

"இருக்கலாம். அப்ப கூட நின்னவங்களுக்கு உன்னைத் தெரியணுமே?" இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ராத்திரி பூரா பாட்டும் கூத்துமா இருந்தோம். இந்த மூஞ்சியை நான் பார்த்ததே இல்ல."

"நீ வரிசையில நிக்கவே இல்ல. கேட்டு வழியா வரவும் இல்ல. அதான் டோக்கனும் இல்ல. விடியக்காலையில கூட்டிப் பெருக்குறவங்களோட பின்வாசல்ல நுழைஞ்சிருக்க. டீயைக் கொடுத்துட்டு, கோப்பையைத் தூக்கிட்டுக் கிளம்பப் பார்த்தா எல்லாக் கேட்டும் பூட்டு. நாங்க தேடத் தேட இடம் மாத்தி மாத்தி ஒளிஞ்சிருக்க. இந்தக் கூட்டம் உள்ள வந்ததும் பேனாவை எடுத்துக் கையில கிறுக்கிட்டு இதோட கலந்துட்ட. சோதனை போடுங்கய்யா!"

சாக்ஸுக்குள்ளிருந்து காலி மாத்திரை அட்டை வந்தது. இதய நோய்க்கான மாத்திரை. இன்ஸ்பெக்டர் பெயரை எழுத்தெழுத்தாகப் போனில் வாசித்தார். எதிர்முனையில் டாக்டர், "போதும், போதும், மருந்து இருக்கு," என்று வைத்தார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஏண்டா செஞ்ச? அவன் காசு கொடுத்தானா?"

"அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது," என்றான் அவன். கண் கூண்டின் மேலேயே இருந்தது. "இனிமே தெரியும்ல?"

கூண்டிலிருந்த மாமா இப்போதுதான் நகத்திலிருந்து பார்வையை எடுத்தான். "யாரிது?" என்று தன் வக்கீலைக் கேட்டான்.

அடுத்த விசாரணைக்கு மூன்று வாரத்துக்குப் பின் நாள் குறித்தார்கள். தங்கை அதற்குள் எழுந்து நடமாடிவிட்டாள். அன்று காலை காரிலிருந்து இறங்கியதும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். வரிசை முன்னைவிட இரட்டிப்பாக இருந்தது. அத்தனை பேரும் அவர்களை நோக்கிப் புறங்கையை உயர்த்திக் காட்டினார்கள். ஒரு கையிலும் சிரிப்பில்லை. வளைவு மேலே, புள்ளிகள் கீழே. கைதானவன் வரைந்த அழுமூஞ்சி ஊரெல்லாம் சுற்றி, அவனும் இப்போது பிரபலமாகியிருந்தான்.

"வேண்டாம்டி. வீட்டுக்குப் போயிடலாம். நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

தங்கை அந்தக் கைகளையே பார்த்தாள். "எனக்கும் பயமாத்தான்கா இருக்கு. அந்த டிரைவர் அண்ணன் உள்ளருந்து தட்டினப்பவும் இப்படித்தான் பயந்தேன். அந்தாளு என் கையைத் தட்டிவிட்டதும் பேசாம இருந்துட்டேன்." அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். வாசலில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டபோதுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது.

"பெட்டிக்குள்ளிருந்து சத்தம் கேட்டதா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

தங்கை சாட்சிக் கூண்டின் மரச்சட்டத்தை முஷ்டியால் தட்டினாள். முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு விட்டு விட்டு. கடைசியாக ஒரே ஒரு முறை.

"இவ்வளவு நேரம் கேட்டுச்சு ஐயா," என்றாள். மாமாவை நோக்கிக் கை நீட்டினாள். "பக்கத்துல நின்னு இவரும் கேட்டாரு."

பார்வையாளர் பெஞ்சுகளில் உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிரிப்பு மாமா சிரிக்கவில்லை.