பாதி வீடும் இரண்டு நாளும்

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு, கண்ணு தெரியலையா?"

விர்தானிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நனைந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள். உயரமாய் ஒருவன்... சட்டைத் தோளெல்லாம் மழை, கையில் ஒரு காகிதக் கட்டு. குரலில் இருந்த கடுகடுப்பு கண்ணில் இல்லை. பல நாள் தூங்காத கண். அதைப் பார்த்திருக்க வேண்டாம்... பார்த்துவிட்டாள்.

"என் நம்பரை அப்பவே கூப்பிட்டாச்சு. ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். மேல்முறையீட்டுக்கு இன்னிக்குத்தான் கெடு. விட்டா என் வீடு போயிடும்!"

"எனக்கும் இன்னிக்குத்தான் கெடு. விட்டா என் பொண்ணு போயிடுவா!"

"ஓஹோ... அம்மாகிட்டேருந்து பிள்ளையைப் பிடுங்க வந்த ஆளா நீங்க?"

"நீங்க மட்டும் என்னவாம்? புருஷனைக் கட்டின துணியோட வெளிய அனுப்பிட்டு, வீடு வீடுன்னு..."

மணமுறிவு வழக்கு மன்றத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த நரைமீசை அலுவலர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பாவம், நாளெல்லாம் பிரிந்த ஜோடிகளையே பார்க்கிற மனிதர். அந்தக் கூடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கத்திக்கொண்டால் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

"ரெண்டு பேரும் மொதல்ல அந்த பெஞ்சுல சேர்ந்து உக்காருங்க. சண்டையிலயும் கண்ணு ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருக்கு. இன்னும் ஒட்டு விடலை! மேல்முறையீடு எல்லாம் எதுக்கு? பொண்ணை நடுவுல உக்கார வெச்சுப் பேசித் தீத்துக்கோங்க."

"ஐயையோ! இவர் யாருன்னே எனக்குத் தெரியாது!"

"இவங்களைப் பாத்தே அஞ்சு நிமிஷம்தாங்க ஆகுது!"

கூடமே கொல்லென்று சிரித்தது. விர்தானிக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது. அவன் காதும் சிவந்துபோயிருந்தது.

"போங்க... நீங்களே மொதல்ல குடுங்க," என்று ஒதுங்கி நின்றான்.

'இதை முன்னாடியே சொன்னா என்னவாம்? திமிர்...' என்று முணுமுணுத்தபடி மனுவை நீட்டினாள். அப்படியும் கிளம்பும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விர்தானியின் கதை ஊரறிந்தது. சிங்காலாங் மலையடிவாரத்தில் அவளுடைய வீடு. மண், தாய்வழியாக அவளுக்கு வந்தது. மேலே நிற்கும் சுவரும் கூரையும் அவளும் கணவனும் சேர்ந்து சம்பாதித்துக் கட்டியது. விவாகரத்தான கையோடு அவன் பாதி கேட்டான். வீட்டை விற்று ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. விற்றால் அவளும் ஒன்பது வயது மகள் நைராவும் எங்கே போவார்கள்? ஊருக்கெல்லாம் மணமேடையும் மணமகள் கிரீடமும் வாடகைக்கு விடுகிறவள் அவள். தங்கச் சரிகைத் திரையை மடித்து வைக்கிறபோதெல்லாம் அவளுக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

வழக்குக்கட்டு பாடாங் நகரத்து மேல்மன்றத்துக்குப் போவதற்கு முன்னால், அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வரச்சொன்னார்கள். அன்றும் மழை! எதிர்ச் சோற்றுக்கடைக்குள் ஓடினாள். ஒரே ஒரு மேசைதான் காலி. காலி என்றா சொன்னேன்? அதில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"உக்காருங்க... இங்க நம்பர் இல்லை, வரிசை இல்லை," என்றான்.

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரித்துவிட்டாள்.

பெயர் அஃப்ரிஸோன். தொழிற்பள்ளியில் மோட்டார் வாத்தியார். முட்டை அடித்த டீ இரண்டு வந்தது. ஆவி பறக்கும் டீயைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்...

"பொண்ணு அவ அம்மாகிட்டதாங்க இருக்கணும். அதை நான் கேக்கவே இல்லை. தீர்ப்புல 'அப்பா பார்க்கலாம்'னு ஒரு வரி போட்டிருக்காங்க. என்னிக்குன்னு போடலை. என் மக பேரு புத்தி. நான் போனா அவ தூங்கறாம்பாங்க, டியூஷன்பாங்க, சளிம்பாங்க... வாசலோட திரும்பிடறேன். சனி ஞாயிறுன்னு எழுதிக் குடுத்தா போதும். வேற எதுவும் வேண்டாம்."

விர்தானி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். பிள்ளையைப் பிடுங்க வந்த ஆள் என்று இவனையா சொன்னேன்? சீ... என்ன வாய் இது எனக்கு!

"அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன், பாக்."

"நானும்தான். கட்டின துணியோட வெளிய வந்தவன் நான். அந்தக் கோவத்தை உங்க மேல காட்டிட்டேன்."

மாஜி கணவனை, 'அத்தான்' என்கிற மாதிரி, 'உடா, உடா' என்று ஆசையாய் அழைத்த நாக்கு அவளுடையது. மண முறிவுக்குப் பிறகு அந்தச் சொல்லையே கைவிட்டுவிட்டாள். எல்லா ஆண்களும் அவளுக்கு, 'ஐயா' என்கிற மாதிரி, மரியாதையான 'பாக்'தான். இவனும் பாக்தான். ஆனாலும்... மழை விட்ட பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஃபோனில் செய்தி வரும். 'ஏதாவது தெரிஞ்சுதா?' 'இல்லை. உங்களுக்கு?' இதற்குமேல் ஒன்றும் இருக்காது. அதற்கே அவள் நைராவின் கண்ணில் படாமல் சமையலறைக்குள் போய்ப் படிப்பாள்.

தீர்ப்பும் வந்தது. வீட்டை விற்கக்கூடாது, மாஜி கணவன் போட்ட பங்கைத் தவணையாகக் கொடுத்தால் போதும். அஃப்ரிஸோனுக்கு மகளோடு சனி, ஞாயிறு! நகல் வாங்க ஒரே நாளில் வந்திருந்தார்கள். விர்தானிக்கு அழுகையே வந்துவிட்டது.

"இனிமே இங்க வர வேலை இல்லை..." என்றான் அவன்.

"ஆமா... இல்லை."

ஏதோ சொல்லப் போகிறான். கண் சொல்லுகிறது. சொல்லேன்! வாய் திறந்தது... "தூறுது. இந்தக் குடையை வெச்சுக்கோங்க," என்றான். போய்விட்டான்.

இப்படியும் ஒரு மனுஷனா! அவளுக்குக் கோபமான கோபம். ஆனால் அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் மினாங்கபாவ் மக்கள். அங்கே பையன் வீட்டார் பெண் கேட்டு வருவதில்லை. பெண்ணின் தாய்மாமன்தான் வெற்றிலையோடு போய்ப் பையனைக் கேட்கவேண்டும்; வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சம்மதம். பையன் அவள் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். கேட்கவேண்டியவள் அவள்.

மாமனிடம் மெல்லச் சொன்னாள். மாமன் குதித்தார்.

"ஒரு தடவை வெத்தலை கொண்டுபோய் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தேன். போகும்போது பாதி வீட்டைக் கேட்டான்! இப்பதான் வீடு தப்பிச்சிருக்கு. மறுபடி ஒருத்தனை உள்ள விடணுமா? வெக்கமா இல்ல?"

அவளுக்கும் அதே பயம்தான். எந்த வீட்டுக்காகக் கோர்ட்டுப் படியேறிப் படியேறி நின்றாளோ, அதே வீட்டின் கதவைத்தான் இப்போது திறக்கவேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். கதவு மூலையில் அந்தக் குடை நின்றது.

"குடையைத் திருப்பிக் குடுக்கலையாம்மா? அவங்க நனைய மாட்டாங்களா?" என்றாள் நைரா.

நனைந்த தோளோடு வாசலிலிருந்து திரும்புகிற ஓர் அப்பன் அவள் கண் முன்னால் வந்து நின்றான். பிடுங்குகிறவனா அவன்? வாசலிலேயே நின்று கேட்கிறவன். பயம் போய்விட்டது.

"மாமா, நான் போய்க் கேக்கறேன். அவர் சரின்னா நீங்க முறையாப் படியேறுங்க."

"பொண்ணே போய்க் கேக்கறதா? ஊரு சிரிக்கும்டீ!"

"கோர்ட்ல ஏற்கெனவே சிரிச்சாச்சு மாமா. பழகிப்போச்சு."

மாமன் தலையைச் சொறிந்தார். அப்புறம், "அந்தப் பித்தளை வெத்தலைப் பெட்டியையாவது நல்லாத் தொடச்சு எடுத்துட்டுப் போ," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம். தன் அக்கா வீட்டு முன்கூடத்தில் அஃப்ரிஸோன் ஆறு வயது மகள் புத்திக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தான். பின்னலா அது? கயிறு. வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகும் பித்தளை வெற்றிலைப் பெட்டி... மழைத்துளி நின்ற இமையோடு விர்தானி.

"குடை குடுக்க வந்தேன்."

"பெட்டி?"

"அது... கேக்க வந்தேன்."

அவன் எழுந்தேவிட்டான். சீப்பு கீழே விழுந்தது. புத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கு மாமா முறையா வருவார். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. வாழ்நாள் பூரா பக்கத்துல இருக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா ஒண்ணு... வீட்டுல பாதி எல்லாம் கிடையாது."

"தெரியும்."

"வர்றதா இருந்தா நீங்க முழுசா வரணும்."

அவன் கண் கலங்கிவிட்டது. "சேர்ந்து உக்காருங்கன்னு அந்த ஜன்னல்காரர் சொன்ன அன்னிக்கே உக்காந்திருக்கணும்ங்க... அன்னியிலேருந்தே நினைப்பு பூரா நீங்கதான். நீங்க கேக்காம நான் எப்படி வாயைத் திறப்பேன்?" கொஞ்சம் தயங்கினான். மகளைப் பார்த்தான். "சனி ஞாயிறு மட்டும்... நான் ரெண்டு பேரா வருவேன். பரவாயில்லையா?"

விர்தானி அந்தக் கயிற்றுப் பின்னலைப் பார்த்தாள். சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"அவளுக்குப் பின்னிவிட எனக்குத் தெரியும். வெத்தலையை எடுங்க, உடா... கை வலிக்குது."