திரும்பி வந்த ஒரே வண்டி

மலையூரான போர்த்தாரியாவிலிருந்து வோலோஸ் நகரத்துக்கு இறங்கும் பாதையின் மூன்றாவது வளைவு. கொட்டுகிற மழை... சிவப்புக் கார் ஒன்று வழுக்கிப்போய், உதிர்ந்த இலைகள் மண்டிய ஓடைக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. பக்கத்தில் தொப்பலாக நனைந்தபடி அதன் சொந்தக்காரன் யோர்தானிஸ்.

பின்னால் வந்த பிக்கப் நின்றது. இறங்கியவள் ஸ்மாரோ. கையில் குடை இல்லை. நெற்றியில் ஒட்டிய கூந்தல், முழங்கை வரை கிரீஸ்... நடுவே அந்தக் கண்கள். மழையில் கழுவிய கறுப்பு ஆலிவ் போலப் பளபளத்த கண்கள். உதவி கேட்க வாயெடுத்த யோர்தானிஸ், என்ன கேட்க வந்தோம் என்பதையே மறந்தான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. காரின் முன்மூலையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.

"இது காரா, கருங்கல்லா? யார் போட்ட ஸ்பிரிங் இது?"

"நானேதான் போட்டேன். ரேஸ் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரையும் முழுசா இறுக்கி வச்சிருக்கேன்."

"தெரியுது. அதான் ஒவ்வொரு மேட்டுலயும் குதிச்சிருக்கு. ரோட்டைத் தொடாத டயர் எப்படிங்க வளைவுல திரும்பும்?"

அவனுக்கு ரோஷம் வந்தது. "நான் பிசிக்ஸ் வாத்தியார். ஸ்பிரிங் பத்தி எனக்கே பாடமா?"

"அப்போ உங்க பசங்க பாவம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் கயிற்றை எடுத்து வந்தாள்.

கீழே நகரத்தில் அவளுடைய அப்பா தீமியோஸின் பட்டறை. ஸ்பிரிங், ஷாக் வேலை முழுக்க ஸ்மாரோவின் பொறுப்பு. வாசல் பலகையில் மட்டும் 'தீமியோஸ்' என்று ஒரே பெயர். 'தீமியோஸ், மகள்' என்று எழுதக் கேட்டபோது அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரு வருடம் அவள் செய்த எந்த வேலையும் குறை என்று திரும்பி வரக்கூடாது. பதினோரு மாதம் முடிந்துவிட்டது. ஒன்றும் வரவில்லை.

மறுநாள் அவள் நான்கு சக்கரத்தின் சுமையையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தாள். அந்த எடைக்கு ஏற்ற மெத்தென்ற ஸ்பிரிங்குகளாக மாற்றினாள். ஷாக்கின் திருகை முழுசாக இறுக்கி, அங்கிருந்து முன்னால் ஏழு க்ளிக், பின்னால் ஒன்பது க்ளிக் தளர்த்தினாள். காரை அழுத்திவிட்டாள். ஒரே ஒரு முறை எழும்பி, சமர்த்தாக உட்கார்ந்தது.

"ஸ்பிரிங் எகிறும், ஷாக் அடக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஈடா இருக்கணும். ஒண்ணு மட்டும் முறுக்கிக்கிட்டா வண்டிதான் அடி வாங்கும்."

பிறகு ஒவ்வொரு திருகிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.

"இது எதுக்கு?"

"இந்தக் கைக்குப் போட்டா நிக்கிறதில்ல... காருக்காவது இருக்கட்டும்."

அவன் சிரித்தான். அவளும்தான்... ஆனால் சட்டென்று குனிந்துகொண்டாள்.

"மறுபடி எப்போ கொண்டு வரணும்?" ஆசையை மறைத்துக் கேட்டான்.

அவள் நிமிர்ந்தாள். "என் கை பட்ட வண்டி குறைன்னு திரும்பி வந்ததே இல்ல." மடித்த சீட்டு ஒன்றை நீட்டினாள். அவன் அதைப் படிக்காமலே காருக்குள் போட்டான்.

கற்கள் பாவிய தெருவிலும் கார் குலுங்காமல் போனது. யோர்தானிஸுக்குத்தான் நெஞ்சில் கல் விழுந்தாற்போல் இருந்தது. இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டாளே... இனி எதைச் சொல்லிக்கொண்டு அங்கே போவது?

இரண்டு வாரம் தாங்கினான். மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, பட்டறை நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் வந்து நின்றான்.

"பழையபடி குதிக்குதுங்க."

தீமியோஸ் திரும்பினார். ஸ்மாரோவின் முகம் வெளுத்தது. குனிந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளி நான்கும் இடம் மாறி, திருகுகள் இறுகிக் கிடந்தன.

"யாராவது இதைத் திருப்பினாங்களா?"

கூட்டத்தில் அவனுடைய மாணவன் ஒருவனின் தகப்பனும் நின்றிருந்தார். யோர்தானிஸ் அவர் பக்கம் பார்க்காமல் சொன்னான்: "இல்ல."

புள்ளியைக் காட்டி அவள் வாதாடியிருக்கலாம். ஆனால் வந்த ஆளைப் பொய்யனாக்கி அந்தப் பலகையில் ஏற அவளுக்கு மனமில்லை. திருகுகளை மறுபடி ஏழு, ஒன்பது என்று க்ளிக் எண்ணி வைத்தாள். 

"ஒண்ணு திரும்பி வந்துடுச்சேம்மா" என்றார் தீமியோஸ், வருத்தத்தோடு. "சனிக்கிழமை பெயின்டர் வர்றான். என் பேரை மட்டும் புதுசா எழுதட்டும். மகள்னு போடுறதை அடுத்த வருஷம் பார்ப்போம்."

யோர்தானிஸுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அவள் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை... அப்படி ஒரு கர்வம். அதைப் பார்த்துத் தன்னையே வெறுத்தபடி அவன் வீடு போய்ச் சேர்ந்தான்.

சனிக்கிழமை மதியம். பட்டறை வாசலில் மேசை போட்டு, பொரித்த மீனும் சாராயமுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏணியில் பெயின்டர். சிவப்புக் கார் வந்து நின்றது. மாணவனின் தகப்பன் எதிரிலேயே இருந்தார். பரவாயில்லை...

"தீமியோஸ் ஐயா, உங்க மக வேலையில ஒரு குறையும் இல்ல. அந்தத் திருகை நான்தான் திருப்பினேன். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் பொய் சொன்னேன். அதான் எல்லார் முன்னாலயும் வந்து சொல்றேன்."

தீமியோஸ் எழுந்து வந்தார். "நல்லா ஓடுற வண்டியை எதுக்குப்பா கெடுத்தே?"

"இவங்க கை பட்ட வண்டி திரும்பி வராதுன்னாங்க... எனக்குத் திரும்பி வரணும் போல இருந்துச்சு. இவங்களைப் பார்க்கணும். தினமும் பார்க்கணும்."

யாரோ இருமினார்கள். தீமியோஸ் மகளைப் பார்த்தார், பிறகு ஏணியைப் பார்த்தார். "தம்பி, என் பேருக்குப் பக்கத்துல இடம் விட்டியா? மகள்னு எழுது. எழுத்து பெருசா இருக்கட்டும்."

ஸ்மாரோ தலைநிமிர்ந்து நடந்து வந்தாள். கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

"நான் குடுத்த சீட்டைப் படிச்சீங்களா?"

அவன் விழித்தான். காருக்குள் துழாவி எடுத்தான். மேலே அச்சடித்த வரி: 'புது ஸ்பிரிங் ஐந்நூறு கிலோமீட்டரில் படியும். ஒருமுறை கொண்டுவந்து காட்டவும்.' அதன் கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'பதினாலாம் தேதி, ஞாயிறு, காலை பதினோரு மணி.'

"கேள்வித்தாளை முழுசாப் படிக்கணும்னு பசங்களுக்குச் சொல்றதில்லையா, வாத்தியாரே?"

"பதினாலுன்னா... நாளைக்கு."

தீமியோஸ் குழம்பினார். "ஏம்மா, ஞாயித்துக்கிழமை நாம பட்டறையே திறக்கிறதில்லையே?"

"தெரியும்ப்பா" என்றாள் ஸ்மாரோ, யோர்தானிஸின் கண்களை விட்டுப் பார்வையை எடுக்காமல். "தெரிஞ்சுதான் எழுதினேன்."