அழாத மரங்கள்

ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குத் தன்னார்வலர் குழுத் தலைவி குணசீலி செருப்பை வாயிலில் கழற்றிவிட்டு, காதில் வேர்ச்செவி என்னும் கருவியைப் பொருத்திக்கொண்டு, குழு வளர்க்கும் இரண்டு ஏக்கர் காட்டைச் சுற்றிவருவாள். தாகமெடுத்த மரத்தின் தண்டுக்குள் நீரிழைகள் ஒலியெழுப்பி அறுபடும். மனிதர் கேட்கவியலாத அந்த ஒலியை வேர்ச்செவி குழந்தையின் அழுகையாக மாற்றித் தரும். அழும் மரத்துக்குத் தன்னார்வலர்கள் குடம் சுமப்பார்கள். இலையின்றி நின்று மூன்று ஞாயிறு தொடர்ந்து அழாத மரம் செத்ததாகக் கொள்ளப்பட்டு வெட்டப்படும். அதன் பங்கு நீர் மற்றவற்றுக்குப் போகும்.

மழை பொய்த்த ஐந்தாண்டுகளில் நாற்பத்தொரு மரங்கள் இவ்வாறு விழுந்தன. எல்லாம் மாதக்கணக்கில் இலையுதிர்த்து நின்ற உசிலையும் வெப்பாலையும்.

"தூங்குற மரத்த வெட்டாதீங்கம்மா" என்று மறித்தவர் மரியதாஸ் ஒருவர்தான்.

"மெஷினவிட ஒங்களுக்குத் தெரியுமோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, அவரைக் குழுவிலிருந்து நீக்கினாள் குணசீலி.

இந்த வாரம் நகராட்சி காட்டுக்கான நீரை நிறுத்திவிட்டது. அவள் நுழைந்தபோது மரங்கள் அனைத்தும் ஒருசேர அழுதன. காலிக் குடத்தோடு நடுவில் நின்றவள், வெட்டிய மரமொன்றின் அடிக்கட்டை விளிம்பில் பச்சையைக் கண்டாள். மூன்று துளிர்கள். வேர்ச்செவி மாட்டிய காதைக் கட்டையோடு ஒட்டிவைத்தாள். அதிலிருந்து மட்டும் ஓசையே இல்லை.

அந்தப் பொறிக்குத் துன்பம் மட்டுமே கேட்கும். ஆழத்தில் வேரிறக்கி, இலையை உதிர்த்துப் பொறுத்திருந்த மரங்களிடம் அதற்குக் கேட்க ஒன்றுமில்லை. அவற்றை வெட்டிவிட்டு, குடத்தை நம்பி மேல்மண்ணிலேயே வேர்பரப்பியவற்றை அவர்கள் வளர்த்திருந்தார்கள்.

அவள் தேடிப் போனபோது மரியதாஸ் தன் வீட்டு வாசலில் மிதிவண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மெஷினு அனுப்புச்சா?"

"தப்பு என்னோடதுண்ணே. குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க வந்து காட்டப் பாருங்க. சொல்றதச் செய்றேன்."

அவர் வந்தார். ஒவ்வொரு கட்டையாகத் தடவிப் பார்த்தார்.

"பாதி பொழைக்கும். ஆடு கடிக்காம முள்ளு கட்டணும்."

"மத்த மரம்?"

அவர் மேல்மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "போயிடும்மா."

"வீட்டுல குடிக்க வச்சிருக்கிற தண்ணியக் கொண்டாறேன்."

"எத்தனைக்கு ஊத்துவ?"

மாலைவரை அவள் முள் வெட்டிக் கட்டினாள். கைகளில் இரத்தக் கீறல்கள். மரியதாஸ் அவள் முகத்தைப் பார்த்தார்.

"காதுல இருக்கறதக் கழட்டிரும்மா. பைத்தியம் புடிச்சிரும்."

"வேணாம்ணே. அதுங்களக் குடத்த நம்ப வச்சது நாந்தான். அதுங்க உசுரோட நிக்கிறவரைக்கும் கேக்குறேன்."

அடுத்த கட்டைக்கு முள் கொண்டுவரப் போனாள்.