கயிற்றின் கடைசி ஆள்

புவெனோஸ் ஐரிஸ் நகரத்தில், துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில் ஒரு யூத மழலையர் பள்ளி. அங்கே வாரம்தோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை உண்டு. மீனுக்குத் தீனி போடுவது, கோப்பைகளை எடுத்து வைப்பது, இப்படி.

ஐந்து வயது மிஹாலுக்கு அந்த வாரம் கிடைத்தது ‘கடைசி ஆள்’ வேலை. வகுப்பு எங்கே போனாலும் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்தபடி எல்லோரும் வரிசையாகப் போவார்கள். கயிற்றின் நுனி மிஹால் கையில். அறையில் யாரும் இல்லையென்று பார்த்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்துவதும் அவள்தான்.

“கடைசி ஆள்னா ஆமைதானே!” என்று சிரித்தான் யுரியேல்.

“போடா! ஆமை கதவைச் சாத்துமா?”

வாய் அப்படிச் சொன்னாலும் மிஹாலுக்கு உள்ளுக்குள் நடுக்கம். ஆளில்லாத அறை அவளுக்குப் பிடிக்காது. மூலையில் தொங்கும் கோட்டுகள்கூட யாரோ நிற்பதுபோல் தெரியும். அதனால் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, கதவைப் படாரென்று சாத்திவிட்டு ஓடிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை. பிள்ளைகள் யூதர்களின் வார ஓய்வுநாளான சப்பாத் விருந்துக்காக மாவைச் சடைபோலப் பின்னி, ரொட்டி சுடச் சமையலறைக்கு அனுப்பியிருந்தார்கள். திடீரென்று அபாய மணி அலறியது. அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் கருப்பாய்ப் புகை வந்தது.

எப்போதும் சிரிக்கும் சில்வினா டீச்சர் அன்று சிரிக்கவில்லை.

“எல்லாரும் கயிறைப் பிடிங்க! யாரும் விடக்கூடாது. நடங்க, நடங்க!”

வரிசை நகர்ந்தது. மிஹால் விளக்கை அணைத்தாள். கதவில் கை வைத்தாள். புகை கண்ணைக் கரித்தது. ஓடிவிடலாம் போலிருந்தது.

‘யாரும் இல்லைன்னு பார்க்கணுமே!’

பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கண்களையும் அகலத் திறந்து அறையைப் பார்த்தாள்.

கோட்டுகளுக்குக் கீழே இரண்டு சிவப்பு ஷூக்கள். ஒன்று அசைந்தது!

மிஹால் ஓரடி பின்வாங்கினாள். பிறகுதான் புரிந்தது. அந்த வாரம் புதிதாய்ச் சேர்ந்த ரூத்தி!

“டீச்சர்! டீச்சர்!”

மணிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வரிசையோ போய்க்கொண்டே இருந்தது. கயிற்றை விட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். விடாவிட்டால் ரூத்தி?

மிஹால் கதவு நிலையில் காலை ஊன்றி, கயிற்றைத் தன் பக்கம் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வரிசையே பின்னால் சாய்ந்தது. யுரியேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

“யாரு இழுக்கிறது?” என்று கத்தினான்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மிஹால் அறைக்குள் கையைக் காட்டினாள். டீச்சர் ஓடி வந்தார்.

“வா கண்ணு, வெளியே போகலாம்.”

“மாட்டேன்! அது கத்துது!” ரூத்தி கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் பயம்தான் ரூத்தி,” என்றாள் மிஹால். “நீ எனக்கு முன்னாடி நின்னுக்கோ. உனக்குப் பின்னாடி நான் வர்றேன்.”

ரூத்தி கோட்டு இடுக்கிலிருந்து அவளை எட்டிப் பார்த்தாள். மெல்ல வெளியே வந்து கயிற்றைப் பிடித்தாள். மிஹால் கதவைச் சாத்தினாள்.

தெருவில், மரத்தடியில் டீச்சர் எல்லோரையும் எண்ணினார். ஒருவர்கூடக் குறையவில்லை. சற்று நேரத்தில் சமையல்காரர் முகமெல்லாம் கரியோடு வந்தார்.

“தீ அணைஞ்சிடுச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல. ரொட்டிதான், பாவம், கரிக்கட்டை!”

பிள்ளைகள் சிரித்தார்கள். மிஹால் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை இன்னும் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது.

“இனிமே விடலாம்மா,” என்றார் டீச்சர்.

“விட வரமாட்டேங்குது டீச்சர்.”

ரூத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிஹாலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கயிறு கீழே விழுந்ததும், காலியான அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.