ஏரித் தண்ணீரும் ஒரு பொறாமையும்

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மண்டப வாசலில் அவன் உதறிய குடையின் ஈரமெல்லாம் அவள் முகத்தில்! மேலும் திட்ட நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கண்கள்... மழையில் கழுவி வைத்ததுபோல் அப்படியொரு பளிச்!

"இப்பத்தாங்க நல்லாத் தெரியுது" என்று கைக்குட்டையை நீட்டினான்.

அவள் ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கும் விஞ்ஞானி. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, கூட்டத்தை நடத்தும் கவுன்சிலரே அவன்தான் என்று. ஏரியில் தொழிற்சாலைக் கழிவை எவ்வளவு விடலாம் என்று ஊரார் இன்று கைதூக்கி முடிவுசெய்கிறார்கள்.

அவன் பக்கத்தில் குழந்தைகள் டாக்டர். அழகி வேறு! அவள் ஏதோ கிசுகிசுக்க, அவன் சிரித்தான்... தண்ணீர் வேறு ஊற்றிக் கொடுத்தான். விஞ்ஞானிக்கு வயிறு எரிந்தது. 'பார்த்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள உனக்கென்னடி?' கேட்டால்தானே மனசு!

"புள்ளைங்க குடிக்கிற தண்ணி. இப்ப இருக்குற வரம்பைப் பாதியாக் குறைக்கணும்" என்றாள் டாக்டர்.

"அறிவியல் அப்படிச் சொல்லல!" வெடுக்கென்று எழுந்தாள் விஞ்ஞானி.

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். படித்தவளே சொல்லிவிட்டாளே! டாக்டரின் முகம் வாடியது. இவளுக்கோ நெஞ்சில் சுருக்கென்றது. அறிவியல் எங்கே பேசியது? பேசியது அவள் வயிற்றெரிச்சல் அல்லவா! ஒப்புக்கொண்டால் அவன் முன்னால் மானம் போகும். வாயை மூடிக்கொண்டால், குழந்தைகள்...

"கொஞ்சம் இருங்க..." ஊரார் பக்கம் திரும்பினாள். "தண்ணியில என்ன கலந்திருக்கு, எத்தனை பேருக்கு நோய் வரலாம்... அதைத்தான் நான் அளந்து சொல்ல முடியும். வரம்பைக் குறைச்சா தொழிற்சாலையில சில பேருக்கு வேலை போகலாம். எதைப் பொறுத்துக்கறது, யாரைக் காப்பாத்தறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். டாக்டர் கேட்டதுல தப்பே இல்ல. நான் மறுத்தது அறிவியலும் இல்ல."

கைகள் உயர்ந்தன. டாக்டர் கேட்ட வரம்பே ஜெயித்தது.

யாரையும் பார்க்காமல் வெளியே ஓடியவளை வாசலில் மழை நிறுத்தியது. பின்னாலேயே வந்து நின்றான்.

"அறிவியல் இல்லன்னா... வேற என்னங்க அது?"

"பொறாமை."

"டாக்டர் மேலயா? ஐயோ, அவங்க எங்க அண்ணிங்க!"

"அண்ணியா இருந்தா என்ன? எரிஞ்சது எரிஞ்சதுதான்!" முகம் சிவந்தது. "உங்களை... எனக்குப் பிடிச்சிருக்கு. வேணும்னா சிரிச்சுக்கோங்க."

அவன் சிரிக்கவில்லை.

"எனக்கும்தாங்க. அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சுத் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே... அப்பவே."