நகரக் கூடாதது

வெள்ளிக்கிழமையே மருந்து ஊற்றி அசைவை நிறுத்திய சளிப்பூஞ்சை, ஸ்டெல்லா பக்கத்து அறைக்குப் போய் வந்த அரை மணியில் தட்டின் விளிம்புவரை வந்திருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, வீட்டில் விட ஆளில்லாமல், ஐந்து வயது எமியையும் கூட்டிக்கொண்டு ஹப்சிகுடா லேபுக்கு வந்திருந்தாள். மயோசின் என்ற புரதம் இழுத்தால்தான் இந்த மஞ்சள் கூழ் ஊரும். நம் கைகாலையும் இதயத்தையும் அசைப்பது அதே வகைப் புரதம்தான். பூஞ்சையிடம் அதை அவள் முடக்கியாயிற்று. பின்னே யார் பலத்தில் ஊர்கிறது? ஏசியின் முனகலும், ஊறிய ஓட்ஸின் புளித்த வாடையும், திரைச்சீலைக்குப் பின்னால் மாறிக்கொண்டே இருந்த நிழலும் அவளை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. தட்டை விளக்கடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

தட்டில் பூஞ்சைக்குத் தீனியாகப் புதிதாக ஓர் ஓட்ஸ் செதில் கிடந்தது.

"எமி, இத நீயா போட்ட? கையாலயா?"

"ஹவ் மம்மி, நாந்தான். க்ளவ்ஸ்ல ஒட்டும்னு நீயும் அப்படித்தானே போடுவ." ஸ்டூலில் இருந்த எமி சிணுங்கினாள். "மை ஹேண்ட் இஸ் ஸ்லீப்பிங்."

ஸ்டெல்லா ஓடி வந்தாள். பிள்ளையின் வலது கையைத் தூக்கினாள். விட்டாள். ஈரத்துணியாக விழுந்தது. கழுவினாள், தேய்த்தாள், 108-க்கு அடித்தாள். தார்நாக்காவில் நெரிசலாம், பத்து நிமிடமாம்.

"நக்கோ மம்மி, வேணாம், கால்..."

கால். பிறகு கழுத்து. மடியில் சாய்த்துக்கொண்டாள். பேச்சு நின்றது. இமை நின்றது. நெஞ்சில் காது வைத்தாள்.

ஒன்றுமில்லை.

மேசையில் மெல்லிய சத்தம். ஈரமான சத்தம். எமியைத் தரையில் கிடத்திவிட்டு ஸ்பிரிட் பாட்டிலோடு பாய்ந்தாள். இந்தச் சனியனை எரித்தே தீர வேண்டும். தட்டைப் பிடித்தாள். உள்ளே மஞ்சள் நரம்புகள் துடித்தன. வேகமாக, இரண்டிரண்டாக. பயந்துபோன சின்னப் பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொள்வது போல.

பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"எமி..." என்றாள், தட்டைப் பார்த்து. துடிப்பு கொஞ்சம் அடங்கியது. மூடியின் இடுக்கில் மஞ்சள் கசிந்து, அவள் கட்டைவிரலை நோக்கி ஊர்ந்தது.

ஸ்டெல்லா விரலை எடுக்கவில்லை.