ஊதா நிறத்தில் ஒரு விரல்!

"ஐயோ... அண்ணா!"

அலறல் கேட்டது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் வலியை மறந்து எழுந்தார்கள்.

உள்ளே, நோயாளி நாற்காலியில் டாக்டரே சாய்ந்து கிடந்தார். பிணமாக! கையில் ஊசி குத்திய தடம். மேஜையில், கம்ப்யூட்டரில் அடித்த ஒரு வரிக் கடிதம்.

'என் சாவுக்கு யாரும் காரணமில்லை.'

மறுநாள் காலை. தடய ஆய்வுக்கூடம்.

கைரேகை நிபுணி அந்தக் கடிதத்தின் மேல் மருந்தைத் தெளித்து, இளஞ்சூட்டில் காட்டினாள்.

"என்னம்மா, இஸ்திரி போடறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செரினைத் தேடறேன் சார்."

"யாரு அது... டாக்டரோட சின்ன வீடா?"

"அமினோ அமிலம் சார்! சாப்பாட்டுல வராட்டாலும் உடம்பே தயாரிச்சுக்கும். தோல் வறண்டு போகாம பார்த்துக்கும். வேர்வையோட விரல் நுனிக்கு வரும். காகிதத்தைத் தொட்டா அங்கேயே ஒட்டிக்கும். இந்த மருந்து பட்டா..."

காகிதத்தில் ஒரு கட்டைவிரல் மெல்ல எழுந்தது. ஊதா நிறத்தில்!

டாக்டரின் ரேகையோடும் பதிவேடுகளோடும் ஒப்பிட்டாள். நெற்றி சுருங்கியது.

"டாக்டர் விரல் எங்கேயுமே படலை சார். கடைசிக் கடிதத்தைத் தொடாமலே எப்படி மேஜையில வச்சார்?"

"கொலை!" இன்ஸ்பெக்டர் துள்ளினார்.

"முதல்ல பார்த்து அலறினது யாரு?"

"அவரோட தம்பி. அங்கேயே கம்பவுண்டர்."

"வரச் சொல்லுங்க."

தம்பி வந்தான். அழுது வீங்கிய கண்கள்.

"லெட்டர்ல ஒரு ரேகை கிடைச்சிருக்கு. ஏதாவது சொல்றீங்களா?" என்றாள்.

ஊதாவைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"சான்ஸே இல்லை! நான்தான் கையுறை போட்டு..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டூ லேட்!

"ஏன்டா?" இன்ஸ்பெக்டர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"அவர் இல்லாதப்ப நாலு பேருக்கு நானே பல்லைப் புடுங்கிட்டேன் சார்... போலி டாக்டர்னு போலீஸ்ல சொல்லிடுவேன்னார்... கூடப்பிறந்தவனைப் போய்!"

விலங்கு மாட்டி அவனை ஏற்றியதும் வேன் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கினார்.

"பிரமாதம்மா! கையுறை போட்டும் அவன் ரேகை எப்படி விழுந்துது?"

"விழலையே சார்."

"அப்ப... அது யாரோடது?"

"உங்களோடது! லெட்டரை வெறுங்கையால எடுத்திருக்கீங்க."

மீசை தொங்கிப் போயிற்று.

"விடுங்க சார்... உங்க ஸ்டேஷன்ல ஒழுங்கா வேலை பார்க்கிறது உங்க செரின் ஒண்ணுதான்!"